ஊர் ஆவணம் சேர்க்கப் போனால் வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வலிகாமத்து ஊர்களில் பழைய மலர், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் செத்தவீட்டு நினைவுப் புத்தகம், படம், கடிதம், ஒலிநாடாக் கசற் என்று தேடி வீடு வீடாகப் போகிறோம். கிடைப்பதைப் படியெடுத்து, விவரம் எழுதி, வாசிகசாலையில் ஒரு பிரதியும் இணையத்தில் ஒரு பிரதியும் வைக்கிறோம். எந்த வீட்டுக்குப் போனாலும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஆகவே கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து வாசிப்பது நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பித்தான் போகின்றன.

உதெல்லாம் பழைய குப்பை. உங்களுக்கு என்னத்துக்கு?

குப்பை என்று ஒதுக்கிய இடத்தில்தான் எங்களுக்கு வேலை. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பி, நாடக நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கக் கணக்குப் புத்தகம், கலியாண அழைப்பிதழ், குடும்பப் படம், கடிதம் எல்லாம் வேண்டும். தேசிய ஆவணக் காப்பகம் கொழும்பில் இருக்கிறது. அரசாங்கம் எழுதியதை வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை. ஊர்ச்சனம் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அங்கே போய்ச் சேருவதில்லை. அது றங்குப் பெட்டியிலும் அலுமாரிக்கு மேலேயும் கிடக்கிறது.

அச்சிட்ட புத்தகத்தைவிட ஒற்றைத்தாள்தான் அவசரம். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் பழைய பிரதி ஒன்று அகப்பட்டால் எந்தப் பெரிய நூலகமும் கவலையோடு வாங்கி வைக்கும். உங்கள் வாசிகசாலை எழுபதுகளில் மேடையேற்றிய நாடகத்தின் நோட்டீசுக்காகக் கவலைப்பட உங்கள் ஊரை விட்டால் வேறு ஆள் இல்லை.

செத்தவீட்டுக் கல்வெட்டிலை அப்பிடி என்ன வரலாறு கிடக்கு?

எங்களைக் கேட்டால், யாழ்ப்பாணத்து ஊர் வரலாற்றுக்கு இதைவிட நல்ல மூலம் இல்லை. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் தேவார திருவாசகத்துக்குப் பிறகு இறந்தவரின் வாழ்க்கை வரலாறு வரும், அதற்குப் பிறகு வம்சாவளி வரும். எந்த ஊரில் பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தாரா, கொழும்பில் கிளாக்கராக இருந்தாரா, எப்போது பென்ஷன் எடுத்து ஊருக்கு வந்தார், எந்தக் கோயிலுக்கு எந்தத் திருவிழா உபயம் செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே ஊரின் கல்வெட்டுகளை வரிசையாக அடுக்கினால், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் கலியாண சம்பந்தம் போனது, எந்தக் காலத்தில் சனம் மலாயாவுக்குப் போவதை விட்டுக் கனடாவுக்குப் போகத் தொடங்கியது என்பது தானாகத் தெரியும். பெண்களின் பெயர் ஒழுங்காகப் பதிவாகும் மிகச் சில அச்சுத் தாள்களில் இதுவும் ஒன்று. வம்சாவளியில் மகள், மருமகள், பேத்தி என்று எல்லோரும் வந்தாக வேண்டும்.

ஆனால் கல்வெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. செத்தவரைப் பற்றிக் குறை எழுதுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. எல்லோரும் இன்முகம் காட்டியவர்கள், எல்லோரும் தர்மவான்கள். காணிச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன சகோதரம் வம்சாவளியிலும் இல்லாமல் போகும். வீட்டார் விரும்பாத கலியாணம் செய்த பிள்ளையையும் சில இடங்களில் காணோம். அதனால்தான் அண்ணனுக்கு அடித்த கல்வெட்டோடு தங்கைக்கு அடித்ததையும் தேடிப் பார்க்கிறோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில் அநேகமான பிரதிகள் அடுப்படிக்குப் போய்விடுகின்றன. சாமி படம் போட்ட புத்தகத்தை எறியக்கூடாது என்று பயந்தவர்களின் வீட்டில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

கொண்டுபோனா திருப்பித் தருவியளோ?

கொண்டுபோக வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. ஸ்கானரையும் மடிக்கணினியையும் உங்கள் விறாந்தைக்குக் கொண்டுவந்து, உங்கள் கண்ணுக்கு முன்னால் படியெடுத்து, அப்போதே திருப்பித் தந்துவிடுவோம். அதிகமாக இருந்தால் மட்டும் எடுத்துப் போகிறோம். அப்போது ஒவ்வொன்றின் பெயரும் நிலையும் எழுதிய பற்றுச்சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். "மூலை கிழிந்திருந்தது", "நாலாம் பக்கம் இல்லை" என்பது வரைக்கும் அதில் எழுதுவோம்.

மூலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுப் படியை மட்டும் எடுப்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பிரித்தானிய நூலகம் 2004இல் தொடங்கிய அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்திலும் இதுதான் விதி. மூலங்கள் நாட்டைவிட்டு வெளியே போகாது, படி மட்டும்தான் போகும். பொருள் உங்களுடையது. வாசிகசாலைக்கே தந்துவிட விரும்பினால் வாங்கிக்கொள்வோம். ஆனால் வீட்டில் அதற்குப் பாத்தியதை உள்ள எல்லோரையும் கேட்டுவிட்டுத் தாருங்கள். அண்ணன் தந்ததைத் தம்பி வந்து கேட்கும் சங்கடம் எங்களுக்கு வேண்டாம்.

யாழ்ப்பாண நூலகம் மாதிரி உங்கட இடமும் எரிஞ்சா?

நியாயமான பயம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அச்சான புத்தகங்களில் பலவற்றுக்கு வேறெங்காவது பிரதி இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லாதவைதான் திரும்பி வரவேயில்லை. எங்கள் வேலை முழுவதும் இந்த ஒரு பாடத்தின் மேல்தான் நிற்கிறது: எதுவும் ஒரே இடத்தில் ஒரே ஒரு பிரதியாக இருக்கக்கூடாது.

படியெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது மூன்று பிரதிகள் வைக்கிறோம். ஒன்று வாசிகசாலைக் கணினியில், இன்னொன்று வேறு ஊரில் வேறு வீட்டிலுள்ள வன்தட்டில், மூன்றாவது வெளிநாட்டு வழங்கியில். நான்காவதாக, படி கொடுத்த வீட்டுக்கும் ஒரு பென்டிரைவ். வன்தட்டு சொல்லாமல் கொள்ளாமல் சாகும். அதனால் கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை இடைக்கிடை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், வன்தட்டையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது யாரும் புகழாத வேலை. பல முயற்சிகள் படுத்துப் போவதும் இந்த இடத்தில்தான்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இலங்கைத் தமிழரின் அச்சு ஆவணங்களைப் பெருமளவில் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு முன்னரே, 1998இல், மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே அங்கே இருக்கும் நூலை நாங்கள் மறுபடி எடுத்து மினக்கெடுவதில்லை.

ஃபேஸ்புக்கிலை போட்டனான், அது காணாதோ?

காணாது. ஊர்க்குழுவில் ஒரு பழைய படத்தைப் போட்டால் நூறு பேர் வந்து "இது எங்கள் சித்தப்பா", "பின்னால் நிற்பது இன்னாரின் மகள்" என்று எழுதுவார்கள். அது பெரிய உதவி, நாங்களே அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அங்கே ஏறும்போது படத்தின் அளவு குறைகிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு தேடினால் அகப்படாது. கணக்குக்காரர் செத்தாலோ, கோபித்துக்கொண்டு மூடினாலோ படமும் போகும், அந்த நூறு பேர் எழுதியதும் போகும். அங்கே போடுங்கள், எங்களுக்கும் தாருங்கள். கீழே வந்த கருத்துகளில் பெயர் சொன்னவற்றை அப்படியே ஒரு கொப்பியில் எழுதித் தந்தால் இன்னும் நல்லது.

ஃபோனிலை எடுத்து அனுப்பினால் போதுமா?

ஸ்கானர் இல்லாத இடத்தில் போதும். பகல் வெளிச்சத்தில், சன்னலுக்குப் பக்கத்தில், தாளை மட்டமாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். நான்கு ஓரமும் தெரிய வேண்டும். பின்பக்கத்தையும் எடுங்கள். வெறுமையாக இருந்தாலும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருக்கக்கூடும். தாளைத் தானாக வெள்ளையாக்கும் செயலிகளை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அவை பென்சில் குறிப்பையும் அழுக்கு என்று நினைத்து அழித்துவிடும். வாட்ஸப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

ஸ்கான் பண்ண வசதி இருந்தால் எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. சின்னப் பாஸ்போர்ட் படம் என்றால் இன்னும் கூட்டலாம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத்தில் எடுங்கள், மங்கிய மஞ்சளும் ஒரு தகவல். நாங்கள் சுருங்காத டிஃப் கோப்பைச் சேமிப்புக்கும், சின்ன ஜேபெக்கையோ பிடிஎஃப்பையோ பார்வைக்கும் வைக்கிறோம்.

படத்திலை நிக்கிறது ஆரெண்டு எங்களுக்கே தெரியாது. அதையும் எடுப்பியளோ?

எடுப்போம். ஆனால் இதைத்தான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: படியெடுப்பது பாதி வேலைகூட இல்லை. படத்தில் இருப்பவர் யார், எங்கே, எப்போது, என்ன விசேஷம் என்பது எழுதப்படாவிட்டால் அது யாரோ சிலர் நிற்கும் படம். அதைச் சொல்லக்கூடியவர் இன்றைக்கு எண்பது வயதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். தாளுக்கு இன்னும் முப்பது வருடம் ஆயுள் இருக்கலாம், அவருக்கு இருக்காது. ஸ்கானர் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள்.

எழுதும்போது "அப்பா", "பெரியம்மா" என்று எழுதாதீர்கள். யாருடைய அப்பா? முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர், வீட்டுப்பெயர் அல்லது பட்டப்பெயர் எல்லாம் வேண்டும். ஊரில் ஒரே பெயரில் ஐந்து கந்தையா இருப்பார்கள், பட்டப்பெயர்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். பெண்களை "திருமதி கந்தையா" என்று எழுதி முடித்துவிடுவது பழைய மலர்களின் பழக்கம். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, அதைக் கேட்டு எழுதுங்கள். வரிசைப் படம் என்றால் இடமிருந்து வலமாக, இருப்பவர்கள், நிற்பவர்கள் என்று. படத்தின் பின்னால் பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும், அழுத்தினால் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதலாம். வழவழப்பான புதுவகைத் தாளில் பென்சில் பிடிக்காது, அதை உறையில் போட்டு உறையின் மேல் எழுதுங்கள்.

ஒருவருமே தெரியாவிட்டாலும் வழி உண்டு. ஸ்டூடியோ முத்திரை, பின்னணித் திரை, சேலை உடுத்திய விதம், பாடசாலைச் சின்னம், பின்னால் தெரியும் கோபுரத்தில் எத்தனை தளம் முடிந்திருக்கிறது என்பவற்றை வைத்து ஒரு காலத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். ஊர்த் திருவிழாவில் ஒரு மூலையில் அடையாளம் தெரியாத படங்களை ஒட்டிப் பக்கத்தில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டால், ஃபேஸ்புக்கில் கிடைக்காத பெயர்கள் கிடைக்கும். பெயர் தெரிந்த வயதானவர்களில் பலர் ஃபேஸ்புக்கில் இல்லை.

கறையான் அரிச்ச தாளை லமினேட் பண்ணி வைக்கலாமோ?

தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது, உள்ளே தாள் தன்பாட்டில் பழுதாகிக்கொண்டே இருக்கும். செலோடேப்பும் வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். கிழிந்த துண்டுகளை ஒட்டாமல் ஒரே உறைக்குள் போட்டு வையுங்கள்.

பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்வது, அதிலுள்ள அமிலமே அதைப் பொடியாக்கும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. அந்தப் பிரதிகள் வீட்டில் இருந்தால் முதலில் அவற்றைக் காட்டுங்கள். மற்றப்படி விதிகள் சின்னவை. நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். பொலித்தீன் பையில் இறுகக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். துருப்பிடித்த கிளிப்பையும் குண்டூசியையும் கழற்றுங்கள். மாதத்தில் ஒருநாள் திறந்து பாருங்கள், ஆளரவம் இல்லாத இடத்தில்தான் கறையான் குடியேறும். மழையில் நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், மின்விசிறிக் காற்றில் நிழலில் பரப்பி இரண்டு நாளுக்குள் உலர்த்துங்கள். நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

அப்பப்பா வைச்சிருந்த ஏடு இருக்கு. எண்ணெய் பூசலாமோ?

நீங்களே பூச வேண்டாம். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி ஓலையை வளையக்கூடியதாக வைப்பது நெடுநாள் முறைதான். ஆனால் எந்த ஓலைக்கு, எவ்வளவு, துப்புரவாக்கிய பிறகா முன்னரா என்பதைப் பழகியவர் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. கட்டை அவிழ்த்து ஓலைகளை விரிக்காமல், துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

இங்கே வீடுகளில் அகப்படும் ஏடுகளில் வைத்தியம், சோதிடம், சாதகம் ஆகியவை அதிகம். பரம்பரை வைத்தியர் வீட்டில் "முறையை வெளியில் விடக்கூடாது" என்பார்கள். அது அவர்களின் உரிமை. படியெடுத்து மூடி வைக்கலாம், திறக்கும் காலத்தை அவர்களே சொல்லலாம்.

கசற் ஒண்டிருக்கு, போட்டுப் பாத்தால் இழுபடுது.

உடனே நிறுத்துங்கள். பழைய நாடாவுக்கு ஒருமுறை நன்றாக ஓடும் சந்தர்ப்பம்தான் மிச்சம் இருக்கலாம். அந்த ஒருமுறை பதிவு செய்யும்போது ஓடட்டும். பூஞ்சணம் பிடித்ததைப் பிளேயரில் போட்டால் பிளேயரும் கெடும், அடுத்துப் போடும் கசற்றும் கெடும். எண்பதுகளில் வெளிநாடு போன பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்பிய வீடுகள் உண்டு. அதைப்போல் ஊர்ப்பேச்சு பதிவான இடம் வேறில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்குக் கசற்றின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. கலியாண வீட்டு இறுவட்டுகளுக்கும் (சீடி) இதே அவசரம் உண்டு. அவை சாகாவரம் பெற்றவை என்று நினைத்தோம், பத்துப் பதினைந்து வருடத்திலேயே பல வாசிக்க முடியாமல் போய்விட்டன.

மலரின் ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அச்சுப் பிரதி எதற்கு?

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தீர்களா? இருபது வருடத்துக்கு முந்திய மலர் என்றால் அநேகமாகப் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் செய்திருப்பார்கள். இன்றைய கணினியில் மென்பொருள் இருக்காது. எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, கோப்பைத் தாருங்கள், முயன்று பார்க்கிறோம். அச்சுப் பிரதியையும் தாருங்கள். கடைசி நேரத்தில் அச்சகத்தில் திருத்தியதும், கையால் ஒட்டிய விளம்பரமும் அச்சில்தான் இருக்கும்.

பழைய அச்சை எழுத்துணரியால், அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்கும் மென்பொருளால், வாசிக்க வைத்துத் தேடக்கூடியதாக்குவதும் நடக்கிறது. பழைய ணை, லை, றா எழுத்து வடிவங்களிலும் மங்கிய மையிலும் அது தடுமாறும். யாராவது ஒருவர் இருந்து பிழை பார்க்கத்தான் வேண்டும்.

அம்மம்மா பள்ளிக்கூடமே போகேல்லை. அவவிட்டை என்ன கேக்கப் போறியள்?

எழுதத் தெரிந்தவர்கள் ஏதோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மம்மா சொன்னால்தான் உண்டு. பஞ்சகாலத்தில் என்ன சமைத்தார்கள், துலா மிதித்தது யார், பிள்ளைப்பேற்றுக்கு வந்த மருத்துவிச்சி எந்த வீட்டுக்காரி, சீட்டுப் பிடித்த காசில் என்ன வாங்கினார்கள் என்று கேட்போம். "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் "என்ன பிள்ளை, ஒண்டுமில்லை" என்று முடித்துவிடுவார். அடுக்களையில் இருக்கும் ஒரு பழைய பானையைக் காட்டிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் ஓடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, அமைதியான அறையில், பெயர், திகதி, இடம் மூன்றையும் ஒலிப்பதிவிலேயே சொல்லித் தொடங்குவோம். பதிவை யார் கேட்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வோம். மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தால் சில கதைகள் வராது, அதனால் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள். எழுத்தில் பெயர்க்கும்போது அவரது பேச்சைத் திருத்துவதில்லை, வந்தார்கள் என்பதற்கு அவர் "வந்தவை" என்றால் "வந்தவை"தான்.

ஆண்டு பிழைக்கும், அது இயல்பு. அதனால் ஆண்டைக் கேட்காமல், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்கிறோம்: 1964 மார்கழிப் புயலுக்கு முன்னா, 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக்குப் பிறகா, நூலகம் எரிந்தபோது பிள்ளை பிறந்துவிட்டதா, 1987இல் இந்தியன் ஆமி வந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள், 1995 இடப்பெயர்வில் என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள். இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பிடித்துவிடலாம்.

உறுதியை இணையத்திலை போட்டால் காணி களவு போகாதோ?

போடவே மாட்டோம். இன்றைக்கும் செல்லுபடியாகும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எதுவும் பொதுப் பார்வைக்கு வராது. மிகப் பழைய சீதன உறுதிகள் வேறு விஷயம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின்படி பெண்ணுக்குச் சொத்து எப்படிப் போனது, காணிகளுக்கு என்ன பெயர், எத்தனை பரப்பு, எல்லையில் யார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அவற்றையும் வீட்டார் சம்மதித்தால் வாசிகசாலையில் வந்து பார்க்க மட்டும் விடுவோம்.

எழுதினவர் செத்துப்போனார். புத்தகத்தைப் போட ஆரைக் கேக்கவேணும்?

இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை இருக்கும். இந்தியாவில் 60. அதற்குள் என்றால் வாரிசுகளைக் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் வாரிசு என்பது அபூர்வம், கனடாவில் இருப்பவரையும் கேட்க வேண்டி வரும். கல்வெட்டுக்கும் மலருக்கும் வெளியிட்ட குடும்பத்திடமோ சபையிடமோ எழுத்தில் சம்மதம் வாங்குகிறோம்.

கடிதத்தில் ஒரு சிக்கல் உண்டு. தாள் வாங்கியவருக்குச் சொந்தம், எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். உங்களுக்கு வந்த கடிதத்தை எங்களுக்குத் தர உங்களுக்கு உரிமை உண்டு, வெளியிட அவரின் சம்மதமும் வேண்டும். கிடைக்கும்வரை மூடி வைத்திருப்போம்.

இயக்கத்திலை இருந்த பிள்ளையின்ரை படம் இருக்கு. தரலாமோ?

முதலில் தொலைபேசியில் அனுப்ப வேண்டாம், நேரில் பேசுவோம். படத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் இன்றைக்கு எங்கேயோ உயிரோடு இருக்கலாம், அவர்களைக் கேட்க வழியில்லாமல் இருக்கலாம். ஆகவே இப்படிப்பட்டவை இணையத்துக்குப் போவதில்லை. வீட்டிலேயே நல்ல உறையில் வைப்பது எப்படி என்று சொல்லித் தருவோம். அல்லது நீங்கள் சொல்லும் ஆண்டுவரை பூட்டி வைக்கும் பிரதியாக எடுப்போம். பட்டியலில் பெயர்கூட வராது.

காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் என்றால் தாய் சொல்வதுதான் முடிவு. பிள்ளை திரும்பி வருவான் என்று காத்திருப்பவரிடம் போய் நினைவுப் படம் என்று எழுதித் தரச் சொல்ல நாங்கள் யார்? பயத்தில் நிலத்தில் புதைத்து எடுத்த ஆல்பங்களும் உண்டு. நனைந்த படங்களுக்குச் சொன்னதே அவற்றுக்கும்.

சாதிப் பேர் போட்டிருக்கு. அதை அழிச்சுப்போட்டுப் போடலாமே?

படியில் ஒரு எழுத்தையும் அழிக்க மாட்டோம். யார் யாரைக் கோயிலுக்குள் விடவில்லை, எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரைத் தரையில் இருத்தினார்கள் என்பதும் ஊரின் வரலாறு. 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டக் காலத்தில் உள்ளே விடு என்று அடித்த நோட்டீசும் வேண்டும், விடாதே என்று அடித்ததும் வேண்டும். கௌரவமான மலர்களை மட்டும் சேர்த்தால் அது ஊர் ஆவணம் இல்லை, ஊர்ப் பெரியவர்களின் ஆவணம்.

அதே நேரம் நாங்கள் எழுதும் தலைப்பிலும் விவரத்திலும் இழிசொல் வராது. உயிரோடு இருப்பவர் யாரையும் சாதியோடு சேர்த்துத் தேட வசதி செய்வதில்லை.

இப்ப ஊரிலை இல்லாத சனத்தின்ரை கதையும் உங்கட வேலையோ?

அவர்களுடையதுதான் முதல் வேலை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பலர் திரும்பிப் போனபோது வீடும் இல்லை, வாசிகசாலையும் இல்லை, சில இடங்களில் ஒழுங்கையைக்கூடக் காணவில்லை. அந்த ஊர்களின் கட்டடங்களுக்கு இன்றைக்குச் சாட்சி, யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில் பின்னால் தெரியும் சுவர்தான். அதனால் கலியாணப் படங்களில் மாப்பிள்ளை பெண்ணைவிடப் பின்னணியை நாங்கள் உற்றுப் பார்ப்பதைக் கண்டு கோபிக்க வேண்டாம்.

அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டியிருந்தது. அவர்களின் பள்ளிக்கூட மலர்களும் குடும்பப் படங்களும் தப்பியிருந்தால் புத்தளத்தில்தான் இருக்கும். அவர்கள் வாழ்ந்த சோனகத்தெரு இல்லாமல் யாழ்ப்பாண வரலாறு எழுத முடியாது. அதை அவர்களே சொல்ல வேண்டும், நாங்கள் பதிவு செய்து கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் எங்களால் என்ன செய்ய முடியும்?

காசுக்கு முன்னால் நேரம் தாருங்கள். உங்களிடம் உள்ள படங்களுக்குப் பெயர் எழுதுங்கள், எழுத்துணரியின் பிழை திருத்துங்கள், பெற்றோரின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஊரில் வீட்டை விற்கவோ இடிக்கவோ போகிறீர்கள் என்றால், துப்புரவாக்க ஆள் விடுவதற்கு முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

படத்துக்குக் கீழை பிழையான பேர் போட்டிருக்கிறியள். எடுத்துவிடச் சொன்னா எடுப்பியளோ?

பெயர் பிழை என்றால், யார் எப்போது திருத்தினார் என்பதோடு மாற்றுவோம். பழைய பெயரையும் பட்டியலின் அடியில் வைத்திருப்போம், ஏனென்றால் திருத்தியவரும் பிழைவிடலாம். இரண்டு வீட்டார் ஒரே ஆளைத் தங்கள் தாத்தா என்று சொன்னதுண்டு. அப்போது இரண்டு பெயரையும், சொன்னவர்கள் யாரென்பதையும் எழுதி, மூன்றாவதாக ஒருவர் வந்து சாட்சி சொல்லும்வரை விட்டுவிடுவோம்.

படத்தையே எடுத்துவிடச் சொன்னால் இணையத்திலிருந்து அன்றைக்கே இறக்கிவிடுவோம், காரணம் கேட்க மாட்டோம். ஏற்கெனவே யாராவது தரவிறக்கியிருந்தால் அதை எங்களால் திரும்ப வாங்க முடியாது, அதை முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். வாசிகசாலையில் உள்ள பிரதியையும் அழிக்க வேண்டுமா, பூட்டி வைத்தால் போதுமா என்று மட்டும் கேட்போம். படத்தில் இருப்பவர் தரச் சொல்கிறார், படத்தை வைத்திருப்பவர் வேண்டாம் என்கிறார் என்ற வழக்கும் வரும். அப்போது இரண்டு பேரையும் ஒரே நாளில் வாசிகசாலைக்கு வரச் சொல்வோம்.